ரப்பர் தேய்த்த ரேம்

பாலக்கரையில் நான் சர்வீஸ் டெக்னீஷியனாக இருந்த கம்ப்யூட்டர் கடைக்கு ஒரு நாள் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமா வந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு ரேமை, அதாவது கம்ப்யூட்டரின் மெமரிப் பட்டைகளை, எடுத்து மேஜையில் வைத்தார்.

"கம்ப்யூட்டர் பீப் பீப்னு கத்தறதும்மா. தூசி தட்டலாம்னு கழட்டினேன். அவ்வளவுதான்."

"வெறும் தூசிதான் தட்டினீங்களா மாமா?"

"ரப்பரால லேசா தேய்ச்சேன். வீடியோல அப்படித்தான் சொன்னான்."

வீடியோவில் சொன்னது சரிதான். ரேமின் ஓரத்தில் உள்ள தங்க நிற காண்டாக்டை ரப்பரால் தேய்த்தால் அழுக்குப் போகும். ஆனால் அதற்குச் சற்று மேலே எள்ளளவு ரெசிஸ்டர்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். மாமா அங்கேயும் தேய்த்திருந்தார். ஒவ்வொரு ரேமிலும் ஒன்றைக் காணோம்.

கம்ப்யூட்டர் மாமியுடையது. கல்யாண பிளவுஸ்களுக்கு எம்ப்ராய்டரி போடுகிறவர். மறுநாள் முகூர்த்தத்துக்கான டிசைன் அதற்குள் இருந்தது. மாமி நூல் வாங்கப் போயிருந்த நேரத்தில்தான் இந்தத் தூசி தட்டல்.

"அவ திரும்பறதுக்குள்ள முடிச்சுக் கொடுத்துடும்மா."

"அந்தப் பழைய டைப் ரேம் சென்னையிலேருந்துதான் வரணும், நாளைக்கு ஆயிடும்" என்றார் முதலாளி. மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நல்லவேளை, இரண்டும் ஒரே மாடல். உதிர்ந்த இடம் வேறு வேறு. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருந்தது. லென்ஸ் வைத்து அவற்றின் மேலிருந்த எண்களைப் படித்தேன்; இரண்டும் ஒரே எண். செத்துப்போன ரேம்கள் கிடக்கும் டப்பாவில் அதே எண்ணுள்ள இரண்டு ரெசிஸ்டர்களைத் தேடிப் பிடித்து, ஹாட் ஏர் கன்னால் சூடேற்றிக் கழற்றி, மல்டிமீட்டரில் அளந்தேன். முதலாவது ஒழுங்காக உட்கார்ந்தது. இரண்டாவதை ட்வீசரில் எடுத்தபோது, என் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற மாமா "ரங்கா" என்று பெருமூச்சு விட்டார். நான் திடுக்கிட்டதில் ரெசிஸ்டர் ட்வீசரிலிருந்து தெறித்துப் பறந்துவிட்டது.

டப்பாவில் அந்த எண்ணில் வேறு இல்லை. நானும் முதலாளியும் மாமாவும் தரையில் தவழ்ந்து தேடினோம். நிமிர்ந்தால் வாசலில் மாமி. வீட்டில் கம்ப்யூட்டர் திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, வழக்கமாக ரிப்பேருக்குக் கொடுக்கும் கடைக்கு நேரே வந்திருக்கிறார்.

"இங்க என்ன பண்றேள்?"

"கண்ணாடி விழுந்துடுத்து."

கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது.

நடந்ததை நான் சொன்னேன். மாமி கோபப்படவில்லை. "அசையாம இருங்கோ" என்று சொல்லி அவரைச் சுற்றி வந்த மாமி, சட்டைக் காலரிலிருந்து விரல் நுனியால் எதையோ ஒற்றி எடுத்தார்.

"இதுவா பாரும்மா. இதைவிடப் பொடி மணியெல்லாம் தினம் பொறுக்கிண்டிருக்கேன்."

அதேதான். மறுபடி அளந்து, இடத்தில் வைத்து ஒட்டினேன். டெஸ்ட் போர்டில் போட்டதும் இரண்டு ரேமும் வேலை செய்தன. மாமி லென்ஸை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இங்க இன்னொண்ணு காலியா இருக்கே. இதுவும் இவர் கைங்கர்யமா?"

நானும் பார்த்தேன். "இல்ல மாமி. பிஞ்ச இடம்னா பத்த வச்ச ஈயம் கரடுமுரடா இருக்கும். இது வழவழன்னு இருக்கு. ரெண்டு ரேம்லயும் அதே இடம் காலி. கம்பெனியிலயே போடாம விட்டது."

மாமா அன்று முதல்முறையாக நிமிர்ந்து நின்றார். "கேட்டுண்டியா?" என்றார் மாமியிடம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, காலி இடத்தைப் பார்த்ததும் பார்ட் தேட ஓடாதீர்கள். முதலில் ஈயத்தைப் பாருங்கள். ரேம் பிழைப்பதற்கு மட்டுமல்ல, செய்யாத தப்புக்குத் திட்டு வாங்காமல் ஒருவர் வீடு போய்ச் சேரவும் அது உதவும்.