தலைகீழாக நின்ற கால்

கஸ்மூரி தச்சு வேலையில் கெட்டிக்காரன், மற்றதில் எல்லாம் மண்டு. மரவேலைக்குப் பேர்போன ஜெப்பாராவில் எங்கள் தெருவில் அவன் பட்டறை. அவன் செய்கிற சாமான்களுக்கு உப்புத்தாள் தேய்ப்பது நான். இரும்பாணி அவனுக்கு ஆகாது. ஒரு கட்டையின் துளையில் இன்னொன்றின் கழுந்து முனையைக் கோத்து, குறுக்கே மர முளை அடித்து இறுக்கினான் என்றால் யானை ஏறினாலும் அசையாது.

பெண்டாட்டி சுர்த்திக்கென்று இரண்டு இழுப்பறை வைத்து ஒரு தேக்கு மேசை தொடங்கினான். கால்களைக் கோத்து நிறுத்திய மறுநாள் அவள் துணிமணியைக் கட்டிக்கொண்டு குடூஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. இவன் விழித்தான்.

எங்கள் ஊரில் மரத்தை நிறுத்தினால் வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே இருக்கவேண்டும். மாறினால் அந்த வீட்டில் குடித்தனம் நிலைக்காது. அதற்காகவே அறுத்த கையோடு வேர்ப்பக்கத்தில் கரிக்கோடு போடுவோம். இந்த மகராசன் அந்தக் கரிக்கோட்டையும் சேர்த்து இழைத்துத் தள்ளியிருந்தான்.

"முஸ்ரியக்கா, ஒரு கால் தலைகீழா நிக்குது. அதான் அவ போயிட்டா," என்று என்னிடம் வந்து நின்றான்.

"எந்தக் காலுடா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி நிக்கிறேன்?"

தெருவே திரண்டது. மரம் அறுக்கும் தர்மிடி மாமா, ரேகையைத் தடவிப் பார்த்து வலது முன்காலைக் காட்டினார்.

"உங்க கண்ணுல மண்ணு! கணு சாயுறதப் பாருங்க. அந்தக் கால் சரிதான், பின்னால நிக்கிறதுதான் வில்லங்கம்," என்றான் செதுக்கு வேலைக்காரன் சலேகான்.

"தண்ணியில போடு. வேர்ப்பக்கம் தாழும்," என்றார் மரமில்லுக்காரர். ஆளுக்கொரு காலைச் சொல்லிவிட்டு, நான் போட்ட டீயை மட்டும் ஒற்றுமையாகக் குடித்தார்கள்.

கஸ்மூரி முளைகளைத் தட்டி எடுத்து, நாலு காலையும் குளியல் தொட்டியில் போட்டான். மூன்றில் அடிப்பக்கம் தாழ்ந்தது, அவை சரி. ஒன்று மட்டும் மட்டமாக மிதந்தது.

"இது என்னக்கா, ரெண்டு பக்கமும் தாழல?"

"உன்ன மாதிரியே ரெண்டுங்கெட்டான்டா."

அவன் சிரிக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நாலு புதுக் கால்களுக்கு மரம் அறுத்தான். துளை போடும்போது கையைக் கிழித்துக்கொண்டான். சோறு வைத்தால் தொடவில்லை.

மிச்சத் துணியை எடுத்துப் போக சுர்த்தி வந்தபோது மேசைப் பலகை தரையில் கிடந்தது, கால்கள் தொட்டியில் ஊறின. நான் இழுப்பறை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"கால்தான் கோளாறு சுர்த்தி. புதுசு போட்டுடறேன். அப்புறம் நீ வந்துடலாம்," என்று ஓடிவந்தான்.

அவள் தொட்டியைப் பார்த்தாள். "இதப் பத்தி யார் யாரைக் கேட்டீங்க?"

"தர்மிடி மாமா, சலேகான், மில்லுக்காரரு, நம்ம முஸ்ரியக்கா... ஒருத்தரையும் விடல."

"நான் ஏன் போனேன்னு என்னக் கேட்டீங்களா?"

கஸ்மூரி கையிலிருந்த உளியைப் பார்த்தான். குடூஸுக்கு பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்த் திரும்பலாம். நான் உட்பட ஒருத்தரும் போகவில்லை.

"இப்பக் கேக்கட்டுமா?" என்றான்.

"உளியைக் கீழ வெச்சிட்டுக் கேளுங்க."

வைத்தான். அவள் மரச்சீவல்களைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் உப்புத்தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினேன்.