எது வாடிய பயிரின் கவர்?

ஐம்பத்தேழாம் வருஷம் அது. பேரிகை ஏரிக்குக் கீழே வெங்கடம்மாளுக்கு முக்கால் ஏக்கர் நெல். புருஷன் போன பிறகு அவளே பயிர் வைத்தாள். நட்டு முப்பதாம் நாள் வயலின் கீழ்க்கோடி சோர்ந்து நின்றது. அடி இலைகள் துருப்பிடித்தாற்போல் காயத் தொடங்கின.

கொழுந்தன் கங்கப்பன் தழைச்சத்து தரும் அம்மோனியா உரத்தை வீசச் சொன்னான். அவன் வயலுக்கு அதைத்தான் இரண்டு தடவை போட்டிருந்தான். பயிர் கரும்பச்சையாய் நின்றது.

ஊருக்கு விவசாய யோசனை சொல்ல வரும் கிராம சேவக் தீர்த்தகிரி தடுத்தார். இலையைக் கோயமுத்தூருக்கு அனுப்பிச் சோதித்தால் எந்தச் சத்து குறைவு என்று தெரியும், அதுவரை எதுவும் போட வேண்டாம் என்றார். வெங்கடம்மாள் நல்ல பயிரில் ஒரு பிடி, வாடியதில் ஒரு பிடி இலை கிள்ளினாள். நிழலில் உலர்த்தி இரண்டு கவரில் போட்டாள். எழுதத் தெரியாததால் வாடியதற்குச் சிவப்பு நூல் கட்டி அவரிடம் கொடுத்தாள்.

பத்து நாளாகியும் பதில் இல்லை. கதிர் உருவாவதற்குள் உரம் போட்டாக வேண்டும். தினமும் இன்னும் நாலு குத்துக்குத் துரு ஏறியிருந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"காகிதத்தை நம்பி வயலைச் சாக விடுறீங்க, அண்ணி" என்றான் கங்கப்பன். ஒருநாள் அவனிடமே ஒரு கூடை உரம் வாங்கி வரப்புவரை போனாள். வீசக் கை வராமல் திரும்பினாள்.

பதினான்காம் நாள் தீர்த்தகிரி கடிதத்தோடு வந்தார். ஒரு கவரில் தழைச்சத்து கொஞ்சம் குறைவு. மற்றதில் தழைச்சத்து போதும், சாம்பல்சத்து மிகக் குறைவு. படித்து முடித்ததும் அவர் முகம் வெளுத்தது.

"கவர் மேல நம்பர் போடறதுக்கு முன்னாடியே நூல் அவுந்து கிடந்துச்சு, அக்கா. குத்துமதிப்பா போட்டுட்டேன். எது வாடினதுன்னு எனக்கு நிச்சயமா தெரியல."

மறுபடி அனுப்ப நாள் இல்லை. எந்தச் சத்து குறைந்தால் இலை எப்படி இருக்கும் என்று வெங்கடம்மாள் கேட்டாள். தழைச்சத்து இல்லாவிட்டால் இலை முழுக்க வெளிறி மஞ்சளாகும்; சாம்பல்சத்து இல்லாவிட்டால் நடு பச்சையாக இருக்க, நுனியும் ஓரமும் கருகும் என்றார் தீர்த்தகிரி.

சேற்றில் இறங்கிக் குத்துக் குத்தாக அடி இலையை விரித்துப் பார்த்தாள்.

"ஓரந்தான் கருகுது, ஐயா. சாம்பல்சத்தே போட்டுரலாம்."

கிருஷ்ணகிரி கிடங்குக்குச் சாம்பல்சத்து உரமான பொட்டாஷ் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை காத்திருக்காமல் அதே சத்துள்ள அடுப்புச் சாம்பலை வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் கேட்டு வாங்கி, வண்டியில் கொண்டுவந்து தூவினாள். உரம் வந்ததும் அதையும் போட்டாள்.

சாம்பல் தூவிய ஒன்பதாம் நாள் வந்த புது இலையில் துரு இல்லை. அவள் அதை நம்பாமல் மறுநாளும் போய்ப் பார்த்தாள்.

கதிர் வந்தபோது, தழைச்சத்து மிஞ்சிப்போன கங்கப்பனின் கரும்பச்சைப் பயிரில் குலைநோய் விழுந்து கதிரெல்லாம் பதராகியது. தன் வயலுக்கும் தாவுமோ என்று வெங்கடம்மாள் அறுப்புவரை வரப்பிலேயே கிடந்தாள். கீழ்க்கோடி பாதிதான் விளைந்தது. வயலின் மற்ற பகுதி முழுசாக வந்தது. தலை குனிந்து நின்ற கொழுந்தனுக்கு, அவன் கேட்காமலே, அடுத்த போகத்துக்கு விதைநெல் அளந்து கொடுத்தாள்.