எனக்கான கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்த கமிட்டி

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் கடிதங்கள் டைப் அடிக்கும் வேலையில் இருந்தேன். அந்த ஆபீஸுக்கு முதலில் வந்த கம்ப்யூட்டரில் டாஸ் ஓடியது. அதில் படம் எதுவும் கிடையாது, எழுத்து மட்டும்தான். திரையில் வரும் எழுத்தை எனக்கு வாசித்துக் காட்ட, கம்ப்யூட்டருக்குப் பின்னால் செங்கல் அளவில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். ஜலதோஷம் பிடித்த அமெரிக்கர் மாதிரி அது எல்லாவற்றையும் படித்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கு ஸ்க்ரீன் ரீடர் என்று பெயர்.

பெட்டி வந்த புதிதில் என் மேஜையைச் சுற்றி எப்போதும் கூட்டம். எல்லோருக்கும் தங்கள் பெயரையும் ஊரையும் அது சொல்லிக் கேட்க வேண்டும். நீலசந்திரா என்ற பேட்டையின் பெயரை அது 'நீல், சாண்ட்ரா' என்று இரண்டு வெள்ளைக்காரர்களாகப் பிரித்தது. ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர் தன் மேலதிகாரியின் பெயரோடு ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்து அடித்துவிட்டு ஓடிவிட்டார். பெட்டி அதை உரக்கச் சொன்னபோது மேஜையில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

இந்தப் பெட்டியோடு நான் நிம்மதியாக இருந்தபோதுதான், எல்லாக் கிளைகளும் விண்டோஸுக்கு மாற வேண்டும் என்று தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் மேனேஜர் மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். அவர் என் தோளைத் தட்டி, "ரொம்ப ஈஸிப்பா. மவுஸ் புடிச்சு கிளிக் பண்ணா ஆயித்து. கண்ணை மூடிக்கிட்டு செய்யலாம்" என்றார்.

"சார், நான் கண்ணை மூடிக்கிட்டுதான் செய்யறேன்" என்றேன்.

"அதான் சொல்றேன், உனக்கு இன்னும் ஈஸி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விண்டோஸுக்கும் ஸ்க்ரீன் ரீடர் இருந்தது. ஆனால் அதன் விலையைக் கேட்டதும் ஆபீஸில் ஒருவரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. இலவசமாகக் கிடைத்த மாதிரிப் பிரதியைப் போட்டுக் கொடுத்தார்கள். அது நாற்பது நிமிடம் பேசும். பிறகு வாக்கியத்தின் நடுவிலேயே வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால்தான் அடுத்த நாற்பது நிமிடம். பேசும் நேரத்திலும் பாதி சமயம் திரையில் இருந்த படங்களுக்குப் பெயர் தெரியாமல் "கிராஃபிக், கிராஃபிக், கிராஃபிக்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்து சீட்டில் கணக்கு எழுதும் பெண் ஒருவர் இருந்தார், என்னைப் போலவே காக்ஸ் டவுன்காரர். என் கம்ப்யூட்டர் நிற்கும்போதெல்லாம் எழுந்து காபி குடிக்கப் போவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். "அண்ணா, உங்களாலதான் எனக்கு தூக்கம் போச்சு" என்பார்.

என் நண்பன் ஒருவன் நீலசந்திராவில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். அவனுக்கும் பார்வை கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னைவிடத் தீவிரவாதி. என் கஷ்டத்தைக் கேட்டதும், "டேய், காசு குடுத்தாதான் பேசுவேன்னு சொல்ற மிஷினோட உனக்கென்னடா சகவாசம்? விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடு. ஃப்ரீ. உன் பழைய பெட்டியிலேயே பேசும். யாரும் வாயை மூட முடியாது" என்றான். பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியை அவன் பத்திரமாக வைத்திருந்தான்.

மேனேஜரிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை மதியம் அதைப் போட உட்கார்ந்தோம். லினக்ஸ் ஏறி முடிக்கும் வரை பேசாது. அதனால் திரையைப் படித்துச் சொல்ல ஒரு ஜோடிக் கண் தேவைப்பட்டது. கணக்கு எழுதும் பெண் வந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வேத பாடம் வாசிப்பவர். திரையில் ஓடிய ஒவ்வொரு வரியையும் அதே குரலில், அதே பயபக்தியோடு வாசித்தார். அவர் ஒரு வரி வாசிப்பதற்குள் திரையில் இருபது வரி ஓடிவிடும்.

"அண்ணா, எல்லாத்துக்கும் கடைசியில ஓகே, ஓகேன்னு போடுது. யாரைக் கேட்டு ஓகே சொல்லுது?"

"அது தன்னையே கேட்டுக்கும்மா. நீ படி" என்றான் நண்பன்.

"இப்ப ஏதோ கேள்வி கேக்குது. டிஸ்கில இருக்கறதை எல்லாம் அழிச்சிடலாமான்னு கேக்குது. எஸ் குடுத்துடட்டா?"

"ஐயோ, விரலை எடும்மா!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தியதில் கீழே இருந்து வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார்.

ஒரு வழியாக, ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் குடிவந்தன. அப்போதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும், இரண்டில் எது வேண்டும் என்று திரையில் ஒரு கேள்வி வரும். அந்த நேரத்தில் இரண்டுமே இன்னும் எழுந்திருக்காது. ஸ்க்ரீன் ரீடரும் எழுந்திருக்காது. ஆகவே கேள்வி மௌனமாக வரும், நானும் மௌனமாகப் பதில் சொல்ல வேண்டும். டிஸ்க் சுற்றும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, இப்போது கேட்டிருக்கும் என்று ஊகித்து ஒரு பட்டனைத் தட்டுவேன். எது எழுந்து வரும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். லினக்ஸ் வந்தால் பெட்டி ஓயாமல் பேசும், ஆனால் அதில் நான் அடித்த கடிதத்தை ஆபீஸில் வேறு யாராலும் திறக்க முடியாது. விண்டோஸ் வந்தால் எல்லோரும் திறக்கலாம், நாற்பது நிமிடம் வரை.

சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்த அன்று என் அதிர்ஷ்டம் சரியில்லை. நான் அடித்த ஒரு கடிதத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்று மேனேஜர் அவரை என் மேஜைக்கே அழைத்து வந்தார். அந்த நேரம் பார்த்து எழுந்தது லினக்ஸ். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடினவாம்.

"என்னய்யா இது, வைரஸா?" என்றார் அதிகாரி.

அவ்வளவுதான். யாரோ என் கம்ப்யூட்டரின் பின்னால் இருந்த வயர்களை எல்லாம் பிடுங்கினார்கள். இன்னொருவர், பரவிவிடும் என்று சொல்லி அந்த வரிசைக்கே மின்சாரத்தை நிறுத்தினார். லினக்ஸை ஏற்றும்போது கூடவே இருந்து படித்த கணக்குப் பெண்கூடப் பயந்துபோய்த் தன் கம்ப்யூட்டருக்குத் துணி உறையைப் போட்டு மூடினார். "வைரஸ் இல்ல சார், லினக்ஸ் சார்" என்று நான் சொன்னது, எனக்கு வந்த நோயின் பெயரைச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அதிகாரி ஊருக்குப் போனதும், எனக்கு எந்த சிஸ்டம் பொருத்தம் என்று முடிவு செய்ய மேனேஜர் ஒரு கமிட்டி போட்டார். அவர், அக்கவுண்ட்ஸ் ஆபீஸர், ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீஸர் என்று மூன்று பேர். நான் பார்வையாளன். உண்மையிலேயே என்னை அப்படித்தான் குறிப்பிட்டிருந்தார்கள்.

முதலில் மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

"லினக்ஸ் கறுப்பா, எழவு வீடு மாதிரி இருக்கு சார்" என்றார் பர்சனல் ஆபீஸர். "விண்டோஸ் நீலமா, குளுமையா இருக்கு."

"சார், கலர் எனக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"கேக்கறது நியாயம்தானே" என்றார் அக்கவுண்ட்ஸ் ஆபீஸர்.

"ஆபீஸுக்கு வர்றவங்க பாப்பாங்க இல்லையா?" என்று பர்சனல் ஆபீஸர் விடவில்லை.

மேனேஜருக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு நாமே ஓட்டிப் பார்ப்போம் என்றார். கைக்குட்டை வழியாக வெளிச்சம் தெரிகிறது என்று வாட்ச்மேனின் மஃப்ளரை வரவழைத்தார்கள்.

முதலில் அக்கவுண்ட்ஸ் ஆபீஸர் லினக்ஸில் உட்கார்ந்தார். அவர் எதை அடித்தாலும் பெட்டி, "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றது. "என்ன கேட்டாலும் இல்லைங்குதே, ரேஷன் கடையா இது?" என்று எழுந்துவிட்டார்.

அடுத்து மேனேஜர் விண்டோஸில் உட்கார்ந்தார். தட்டுத் தடுமாறி, நான் சொன்னபடி ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, ஒரு கடிதத்தைத் தொடங்கிவிட்டார். 'டியர் சார்' என்று குரல் வாசித்ததும் அவருக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம். "ஏய், வருது பாரு, வருது" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். இரண்டாவது வரியின் நடுவில் நாற்பது நிமிடம் முடிந்து குரல் நின்றுபோனது.

அவர் இன்னும் கொஞ்சம் அடித்தார். நிறுத்தினார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேஜையைத் தடவிய அவர் கை பட்டுப் பேனா ஸ்டாண்டு உருண்டு விழுந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்றார்.

"எல்லாரும் இருக்கோம் சார். அதுதான் போயிடுச்சு."

"எப்ப வரும்?"

"அணைச்சுப் போடணும் சார்."

"போட்டு வர்ற வரைக்கும்?"

"சும்மா உட்காந்திருக்கணும் சார். நான் அப்படித்தான் உட்காந்திருக்கேன்."

அவர் மஃப்ளரை உடனே அவிழ்க்கவில்லை. இந்தத் தருணம் வந்தால் உள்ளுக்குள் சிரிப்பேன் என்று நினைத்திருந்தேன், ஆனால் சிரிப்பு வரவில்லை. கையை நீட்டி, அவர் கையைப் பிடித்துக் கீபோர்டின் மேல் வைத்தேன்.

பணம் கட்டி முழுப் பிரதியையே வாங்கிவிடலாம் என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். ஆனால் கூட்டக் குறிப்பை எழுதியவர் பர்சனல் ஆபீஸர். 'திரையின் வண்ணம் கண்ணுக்கு இதமாக இருப்பதால், பார்வையற்ற ஊழியருக்கு விண்டோஸ் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தார். கணக்குப் பெண் அதை எனக்குப் படித்துக் காட்ட முயன்றார். வேத பாடக் குரல் பாதியில் உடைந்து, இரண்டு பேரும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தோம்.

நான் கட்சி மாறிவிட்டேன் என்று நண்பன் சில வாரம் பேசவில்லை. பிறகு பூத்திலிருந்து அவனே கூப்பிட்டான். "ஒரு கஸ்டமர் ஃப்ளாப்பி குடுத்திருக்கான். விண்டோஸ்ல அடிச்ச லெட்டராம். என் மிஷின்ல தொறக்க மாட்டேங்குது. ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன், நீ தொறந்து படிச்சு சொல்றியா?" என்றான். படித்துச் சொன்னேன்.

மேனேஜர் ஓய்வுபெற்ற பிறகு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். சொல்லிக் கொடுக்க வேறு ஆளே கிடைக்காத மாதிரி என்னைத்தான் போனில் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வழி கீபோர்டு வழி. வாரக்கணக்கில் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். "மவுஸ் ஒண்ணு குடுத்திருக்காங்கப்பா, அதை என்ன பண்றது?" என்று ஒரு நாள் கேட்டார்.

"தெரியல சார். நான் தொட்டதில்ல" என்றேன்.

அவரும் தொடவில்லை. பேரப் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான் என்று அவர் மனைவி போனில் சொன்னார்.