நடைமேடையில் காய்ந்த நெல்

இன்று மாலை வேப்பம்பட்டு வீட்டில் மகளின் பாதங்களை ஈரத்துணியால் துடைத்தபோது எழுந்த நெல்வாசம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருந்த எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கே என்னைக் கொண்டுபோனது. அறுவடைக் காலத்தில் ஊரே அந்த நடைமேடையில்தான் நெல் காயவைக்கும். நான் வெறுங்காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிடுவேன். உள்ளங்காலில் சூடும் உமியின் அரிப்பும், ரயில் நெருங்கும்போது தரைவழியே ஏறும் அதிர்வும் ஒன்றாகக் கலந்திருக்கும்.

"இன்னா நைனா, இது ஸ்டேஷனா, உன் களமா?" என்பார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"வண்டி வந்துட்டு பூடும் சார், நெல்லு எங்க பூடும்?" என்று சிரிப்பார் அப்பா. ஊருக்கே அவர் நைனாதான்.

வண்டிகள் இன்றும் வருகின்றன. வயல்களில் கம்பெனிகள் நிற்கின்றன.

இன்று அப்பா எங்கிருந்தோ கொஞ்சம் நெல் வாங்கிவந்து மொட்டைமாடியில் பரப்பி, பேத்தியை அதில் நடக்கவிட்டிருந்தார். "இழுத்து நட கண்ணு, கோடு கோடா வுழணும்."

நான் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினேன். "தூசு நைனா! மறுபடி இழுப்பு வந்தா யாரு பாக்கறது?"

"செரிம்மா" என்று மட்டும் சொல்லி, நெல்லைக் கையாலேயே கூட்டித் துண்டில் முடிந்துகொண்டார்.

டாக்டர் தூசு கூடாது என்றுதானே சொன்னார்? ஆனாலும் அப்பா கண்ணெதிரிலேயே அவள் பாதங்களை நான் துடைத்திருக்க வேண்டுமா?

இப்போது மகள் கூடத்து டைல்ஸில் காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். ஒரு கோடும் விழவில்லை. மடியில் முடிச்சோடு அப்பா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.