கரகரக் கூட்டத்தில் மூடியக்கா

அந்தப் பாடகியின் குரலை முதன்முறையாகக் கேட்கிற யாரும், "இவங்களுக்கு யாராவது ஒரு டம்ளர் வெந்நீர் கொடுங்கப்பா" என்றுதான் சொல்வார்கள். தொண்டை கட்டிய குரல். இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு பாட்டா என்று ஆரம்பத்தில் திருப்பி அனுப்பியவர்களே, பின்னாளில் அதே தொண்டைக்காக வாசலில் காத்துக் கிடந்தார்களாம். அவருடைய ரசிகர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதன் பெயர் 'கரகரக் கூட்டம்'. எந்த மேடையில் எந்தப் பாட்டை எப்படிப் பாடினார், எந்தப் பேட்டியில் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று பேசிப் பேசியே பொழுதைப் போக்குகிற கூட்டம். உள்ளே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். பாடகிக்கும்கூட. சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் 'அக்கா'.

அந்தக் கூட்டத்தில் ஆதியிலிருந்தே இருந்தவள் மூடியக்கா. எவர்சில்வர் பாத்திரத் தொழிற்சாலையில் மூடிகளைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. பிரஸ் இயந்திரங்கள் தகட்டை அடித்து அடித்து மூடியாக்கித் தள்ளும். விளிம்பில் கீறல், நடுவில் நெளிசல் இருக்கிறதா என்று இவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. இப்போது மகளுக்கே கல்யாண வயது. நாளெல்லாம் டமார் டமார் என்ற சத்தத்தில் இருந்துவிட்டு, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்காவின் ஒரு பாட்டைக் கேட்டால்தான் அவளுக்குத் தலைக்குள் ஈரம் படும்.

குழுவில் சண்டைக்கு முதல் ஆள் அவள்தான். "போன வருஷ மேடைல இதே பாட்டை இதைவிட மெதுவாப் பாடினாங்க" என்று யாராவது எழுதினால் போதும், "மெதுவா இல்ல தம்பி, நீங்க வீடியோவ மெதுவா ஓடவிட்டுப் பாத்திருப்பீங்க" என்று வந்து நிற்பாள். பதில் சொல்ல முடியாதவர்கள், "மூடி, கொஞ்சம் மூடுங்க" என்பார்கள். அதற்கும் சிரிப்பாள்.

காது போவதை அவளுக்கு முதலில் சொன்னதும் பாட்டுதான். பழக்கமான ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன் புல்லாங்குழல் வரும். ஒருநாள் அது வரவில்லை. கைபேசியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மகளிடம் கொடுத்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் கேட்டுவிட்டு, "குழல் வருதேம்மா, நல்லாத்தானே வருது?" என்றாள். மூடியக்கா கைபேசியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு அவள் வீட்டுக்காரரின் பேச்சு பாதி பாதியாக விழ ஆரம்பித்தது. லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். கிணறு போன்ற லிஃப்ட் குழிகளுக்குள் நின்று மேலே இருப்பவரிடம் கத்திப் பழகிய தொண்டை. அது கேட்காமல் போனதும்தான் டாக்டரிடம் போனார்கள்.

நரம்பு தேய்ந்துவிட்டது, திரும்பி வராது, கொஞ்சம் கொஞ்சமாக மொத்தமும் போகும் என்றார் டாக்டர். காதில் கருவி மாட்டினார்கள். எதிரில் உட்கார்ந்து பேசினால் பேச்சு புரிந்தது. ஆனால் பாட்டை வைத்தால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருந்தது. அக்காவின் கரகரப்பு எங்கே, கூழாங்கல் எங்கே என்று பிரிக்க முடியவில்லை.

குழுவில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன அவசரம் என்று இருந்தாள். பழைய பாட்டுகளைப் பற்றிய பேச்சில் ஞாபகத்தை வைத்தே சமாளித்தாள். இந்த நேரம் பார்த்தா அக்கா பல வருடங்களுக்குப் பிறகு ஒரு புதுத் தொகுப்பை வெளியிட வேண்டும்? கூட்டம் கொண்டாடித் தீர்த்தது. செம, வேற லெவல், கண்ணுல தண்ணி வந்துடுச்சு என்று மழையாகக் கொட்டியது. மூடியக்கா அதையெல்லாம் படித்துப் படித்துப் பார்த்தாள். எந்த இடத்தில் செம, எதற்குக் கண்ணில் தண்ணீர் என்று ஒருவரும் எழுதவில்லை. கல்யாண வீட்டுக்கு வெளியே நின்று, உள்ளே சாப்பிடுகிறவர்களின் ஏப்பத்தை மட்டும் கேட்பது போல இருந்தது அவளுக்கு. இருந்தாலும் அவளும் ஒரு 'செம' எழுதிப்போட்டாள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவன் அந்தக் குழுவில் இருந்தான். குறும்புக்காரன். ஒரு விடுமுறை நாளில், 'அக்கா பாடி வெளிவராமல் போன பாட்டு, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்' என்று ஓர் ஒலிப்பதிவைப் போட்டான். யாரும் வாய் திறக்கும் முன் மூடியக்கா முந்திக்கொண்டாள். 'அந்தக் காலத்துக் குரல் அப்படியே இருக்கு. பல்லவியில் நெஞ்சை அள்ளிட்டாங்க' என்று எழுதினாள்.

அடுத்த நிமிடம் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி வந்தன. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். அவர் கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கீழே வைத்தார்.

"என்னங்க அது?"

அவர் அவளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். "மிக்ஸிம்மா. மிக்ஸி ஓடுற சத்தம். கடைசில யாரோ 'போதும், நிறுத்து'ங்கறாங்க."

அவள் எழுந்தாள். காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"விட்டுத் தொலை. அந்தக் குழுவுல இருந்து வெளிய வந்துடு. கேக்காத பாட்டுக்கு என்ன குழு?" என்றார் அவர், கோபம் அந்தப் பையன் மேல்தான் என்றாலும்.

"ஏங்க, பாட்டு என் காதைக் கேட்டுக்கிட்டா வந்துச்சு? நான் ஏன் வெளிய வரணும்?"

மறுநாள் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து, கூட்டிக் குறைக்காமல் எழுதினாள். 'எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. நேற்றுப் போட்ட மிக்ஸி எனக்குக் கேட்கவில்லை. புதுப் பாட்டுகளும் கேட்கவில்லை. செம என்று நான் எழுதியது பொய்.'

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியைத் திறந்தால் ஒரே ஒப்பாரி. ஐயோ மூடியக்கா, கடவுளுக்குக் கண்ணில்லையா அக்கா, உங்களுக்காக வேண்டிக்கறோம் அக்கா. கார்ப் பயிற்சியாளன் தனியாக மன்னிப்புக் கேட்டிருந்தான், ஒருமுறை அல்ல, எழுதி அழித்து எழுதி. அன்றிலிருந்து குழுவில் அவன் பெயர் 'மிக்ஸி' ஆகிவிட்டது.

மூடியக்காவுக்கு இந்த அழுகை சிரிப்பைவிட மோசமாக இருந்தது. செத்த வீட்டில் நடுக்கூடத்தில் தன்னைக் கிடத்தியது போல ஒரு எரிச்சல். கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். 'யாரும் எனக்காக அழ வேண்டாம். உதவி செய்ய ஆசையிருந்தால் ஒன்று செய்யுங்கள். புதுத் தொகுப்பில் மூன்றாவது பாட்டை எனக்கு எழுதிக் காட்டுங்கள். முதலிலிருந்து கடைசிவரை என்ன நடக்கிறது என்று.'

ஆளாளுக்கு எழுதினார்கள். குழுவை நடத்திவந்த பல் டாக்டரம்மா, 'தேனில் நனைத்த குரல்' என்று ஆரம்பித்தார். இன்னொருவர் நிலவொளி, வேறொருவர் அருவி. மூடியக்கா ஒருவரையும் விடவில்லை.

'டாக்டரம்மா, தேன் எனக்கு வேண்டாம். எந்த வார்த்தையை இழுக்கறாங்க, எதை வெட்டறாங்க, அதைச் சொல்லுங்க.'

'ரொம்பக் கஷ்டமாயிருக்கு மூடியக்கா. கேட்டா பிடிக்குது, சொல்ல வரமாட்டேங்குது.'

'பல்லு வலின்னு வர்றவங்கள வலி எப்படி இருக்குன்னு கேப்பீங்கல்ல? குத்துதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா, அழுத்துதா? அதே மாதிரி கேட்டுப் பாருங்க.'

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் சிலருக்குச் சலித்துவிட்டது. இது ரசிகர் குழுவா, பரீட்சை ஹாலா என்று ஒருவர் வெளியேறினார். மூடியக்கா அசைவதாக இல்லை. தினமும் பேருந்தில் ஏறியதும் கேட்பாள், 'மூணாவது பாட்டு என்ன ஆச்சு?'

ஒருநாள் மிக்ஸி எழுதினான். 'மூடியக்கா, முதல்ல பாட்டே இல்ல. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார்ற சத்தம். அதை அப்படியே விட்டுருக்காங்க. அப்புறம் ஒத்தைத் தந்தி. மறந்துபோன போன் நம்பரை ஞாபகப்படுத்திச் சொல்ற மாதிரி, ஒண்ணு, நின்னு, இன்னொண்ணு. பாட்டோட முதல் வார்த்தையை அவங்க பாடவே இல்ல, பேசறாங்க. ரெண்டாவது வார்த்தைல பாட்டாயிடுது. எங்க மாறுச்சுன்னு தெரியல. கிளட்ச்சை நல்லா விட்டா வண்டி நகர்ந்ததே தெரியாம நகரும்ல, அது மாதிரி.'

பேருந்து அவள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். நாற்காலி இழுபடுவதும், ஒத்தைத் தந்தி தயங்கித் தயங்கி வருவதும் அவளோடு கூடவே வந்தன. தொழிற்சாலை வாசலில் நின்று இரண்டே வார்த்தை எழுதினாள். 'இப்போ சரணம்.'

அதற்குப் பிறகு குழுவின் போக்கே மாறிப்போனது. எழுதிக்காட்ட வேண்டுமென்றால் முதலில் ஒழுங்காகக் கேட்க வேண்டுமே. இத்தனை காலம் கேட்ட பாட்டில் எதையெல்லாம் கவனிக்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரியவந்தது. சரணத்தின் முடிவில் வருவது சிரிப்பா, விக்கலா என்று குழு இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. டாக்டரம்மா விக்கல் கட்சி, மிக்ஸி சிரிப்புக் கட்சி. இருவரும் வந்து தீர்ப்புக் கேட்டது காது கேட்காத மூடியக்காவிடம். 'முன்னாடி வர்ற வரி என்ன?' என்று கேட்டாள். சொன்னார்கள். 'இந்த வரிக்கு எவளும் சிரிக்க மாட்டா. விக்கல்தான்' என்று முடித்துவைத்தாள். மிக்ஸி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு கச்சேரி வந்தது. அவர்கள் ஊரிலேயே, பெரிய அரங்கில் அக்கா பாடப் போகிறார். மூடியக்கா கிளம்பிவிட்டாள்.

"கேக்காத கச்சேரிக்கா?" என்றார் வீட்டுக்காரர். "எல்லாரும் கை தட்டும்போது நீ பக்கத்துல இருக்கறவன் கையப் பாத்துத் தட்டணும். தேவையா?"

"நானும் தட்டுவேன். ஒரு நொடி பிந்தித் தட்டினா சட்டம் என்னைப் பிடிக்குமா?"

"நீ அழுதுக்கிட்டுத் திரும்பி வருவேம்மா. அதைத்தான் சொல்றேன்."

"வந்தா வரேன். நீங்களும் வாங்க, துடைச்சு விடுங்க."

அவர் சட்டையைத் தேய்க்க எடுத்துக்கொண்டு போனார். அது சம்மதம்.

அரங்கத்து வாசலில் கரகரக் கூட்டம் முதன்முறையாக நேரில் கூடியது. மிக்ஸி ஒல்லியாக, நரைக்கத் தொடங்கிய மீசையோடு இருந்தான். மூடியக்காவைப் பார்த்ததும் கையைப் பிசைந்தான். "எனக்கு நேரா நின்னு பேசுங்க தம்பி, அது போதும்" என்றாள். உள்ளே அவளை முன்வரிசைக்குப் பக்கத்தில், பெரிய ஒலிபெருக்கியை ஒட்டிய இடத்தில் உட்கார வைத்தார்கள். விளக்கு அணைந்ததும் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டாள். கூழாங்கல் தொல்லை நின்றது. மத்தளத்தின் அடி நாற்காலி வழியாக ஏறி முதுகுத்தண்டில் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்து விரலால் தாளம் போட்டார். பாவம், அவருக்குத் தாளம் என்றால் என்னவென்றே தெரியாது. முதுகு ஒன்று சொன்னது, மணிக்கட்டு வேறொன்று சொன்னது. அவர் கையைத் தட்டிக்கொடுத்து மெல்ல விலக்கி வைத்தாள்.

கண்ணை மட்டும் மேடையிலிருந்து எடுக்கவில்லை. அக்கா உச்ச வரியை நெருங்கும்போது அவருடைய இடது தோள் மேலே ஏறி, பாதியில் இறங்கியது. உடனே ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார். சுற்றியிருந்த வாய்கள் எல்லாம் திறந்து பாடின. அடுத்த பாட்டிலும் அதே தோள், அதே நீட்டல்.

அவள் அழவில்லை. வீட்டுக்காரருக்குத்தான் கண் கலங்கியிருந்தது, கேட்டால் ஏசி காற்று என்றார்.

மறுநாள் குழுவில் எல்லோரும், ரசிகர்களைப் பாட வைத்து அக்கா பாசத்தைக் கொட்டினார் என்று உருகிக்கொண்டிருந்தார்கள். மூடியக்கா தான் பார்த்ததை எழுதினாள். தோள் ஏறியதையும் இறங்கியதையும் எழுதிவிட்டு, 'அது பாசம் இல்லை. அக்காவால் அந்த இடத்துக்கு இப்போது ஏற முடியவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் நமக்குப் பாடக் கொடுத்தார்' என்று முடித்தாள்.

கூட்டம் கொதித்தது. 'காது கேக்காதவங்க குரலைப் பத்தி எழுதலாமா?' என்று ஒருவர் கேட்டேவிட்டார். மூடியக்கா எழுதியதை நீக்கிவிடலாமா என்று டாக்டரம்மா தயங்கித் தயங்கித் தனியாகக் கேட்டார்.

'எதையும் நீக்காதீங்க, அவர் கேட்டதும் இருக்கட்டும்' என்று அவருக்குச் சொல்லிவிட்டு, பொதுவில் பதில் போட்டாள். 'நான் குரலைப் பற்றி எழுதவில்லை. தோளைப் பற்றி எழுதினேன். தோள் எனக்கு நன்றாகவே தெரியும்.'

மிக்ஸி வந்தான். 'மூடியக்கா, உங்க மேல எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை ஒத்துக்க மாட்டேன். அது பாசம்தான். நீங்க பாத்தது தப்பு.' ஒரு முழம் நீளத்துக்கு வாதாடியிருந்தான். அதைப் படிக்கப் படிக்க அவளுக்கு உடம்பெல்லாம் தெம்பாக இருந்தது. காது போனவள் ஆயிற்றே என்று ஒருவன் விட்டுக்கொடுக்கவில்லை, பழையபடி மல்லுக்கு நிற்கிறான். அந்த வாரம் முழுக்க இருவரும் மோதினார்கள். இருவரும் ஜெயிக்கவில்லை.

மிச்சமிருந்த காதும் பிறகு போய்விட்டது. வீட்டில் எழுத்தும் சைகையுமாகப் பழகிக்கொண்டார்கள். மூடிகளை அவள் எப்போதும் கண்ணாலும் விரலாலும் பார்த்தவள் என்பதால் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. குழுவில் இப்போது புதிதாக வருகிறவர்களில் பலருக்கு அவள் சங்கதி தெரியாது. அப்படித்தான் போன மாதம் சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண், 'மூடியக்கா, அக்காவோட புதுப் பாட்டு வந்துடுச்சு, கேட்டுட்டீங்களா?' என்று பரபரப்பாகக் கேட்டாள்.

மூடியக்கா பேருந்தில் இருந்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பதில் எழுதினாள். 'இன்னும் யாரும் எழுதிக் காட்டலம்மா. நீ எழுது. செம, வேற லெவல் எல்லாம் வேண்டாம். முதல் சத்தத்துல இருந்து ஆரம்பி.'