பயத்துக்கும் மூன்று ஆப்ஷன்

செய்தி வந்தபோது, துணி ஆர்டர் தரும் பையருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். லேபில் வேலை செய்யும் கவிதா போனில் அழுதாள். “சுமதி அக்கா, ஜெபமணி அண்ணன் காலையில நெஞ்சு வலின்னாருங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே முடிஞ்சு போச்சுங்க.” எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். “இந்த மனுசனுக்கு அப்படியென்ன அவசரம்!” என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

அவரோடு பழகிய உங்களுக்கு அந்தக் கோபம் புரியும். பழகாதவர்களுக்குச் சொல்கிறேன். அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனியின் சாய லேப் இன்சார்ஜ் அவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நான் அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது பையர்களோடு பேசி ஆர்டரை நடத்துகிறவள்.

எனக்கு எதை எடுத்தாலும் கெட்டதுதான் முதலில் தோன்றும். பையர் ஒரு நாள் பதில் போடாவிட்டால் ஆர்டர் கேன்சல். லாரி தாமதமானால் கவிழ்ந்துவிட்டது. மகள் போன் எடுக்காவிட்டால் கேட்கவே வேண்டாம்! “கெட்டதையே நெனச்சு வெச்சுக்கிட்டா ஏமாறவே வேண்டியதில்லைங்ணா” என்று அதில் பெருமை வேறு. அவர் விடுவாரா? “ஏமாற மாட்ட, சரி தாயி. சந்தோசம் வந்தா அத எங்க கொண்டு வைப்ப?” என்பார்.

ஒரு நாள் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். பையர் கேட்கும் நிறத்தைச் சின்னத் துண்டுத் துணிகளில் ஏற்றி, அட்டையில் ஒட்டி அனுப்புவோம். ஒன்றை மட்டும் அனுப்புவதில்லை. கொஞ்சம் கூடக் குறைய A, B, C என்று மூன்று ஆப்ஷன் இருக்கும். பையர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நான் A துணியையே வெட்டி மூன்று கட்டத்திலும் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்! “மூன்றும் ஒன்றுபோல இருக்கிறதே?” என்று பையர் கேட்டுவிட்டார். லேபே சிரித்தது. ஜெபமணி அண்ணனும் சிரித்துக்கொண்டேதான் என் மேஜைக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“என்ன தாயி, என்ன ஆச்சு?”

உடைந்துவிட்டேன். மார்பில் கட்டி. நாலு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. அதுதான், வேறென்ன இருக்கும், டாக்டரிடம் போய் என்ன ஆகப்போகிறது என்று நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். மகளுக்கு எந்தச் சேலை, தங்கைக்கு எந்தச் சேலை என்றுகூட மனதுக்குள் பிரித்து முடித்தாயிற்று.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. வெற்று அட்டை ஒன்றை என் முன்னால் போட்டார். “பையருக்குப் பண்ணுன தப்பத்தான் இதுலயும் பண்ணுத. ஒன்னையே மூணு எடத்துலயும் ஒட்டி வச்சிருக்க. எழுது.”

A என்ற கட்டத்தில், ‘கேன்சர், செத்துப்போவேன்’ என்று எழுதினேன். அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார் என்று நினைத்தேன். “இருக்கட்டும், அதுவும் ஆப்ஷன்தான். B?” ‘ஒன்றுமில்லாத கட்டி’ என்று எழுதினேன். C வரவே இல்லை. பேனாவைப் பிடுங்கி அவரே எழுதினார்: ‘கேன்சர்தான். வைத்தியம் பார்த்தாச்சு. சுமதி ஆபீஸுக்கு வந்து சண்டை போடுகிறாள்.’

“இதுல எதுன்னு நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. டாக்டர்தான் சொல்லணும். கவிதாவக் கூப்பிடு, கெளம்புவோம்.” அன்று மதியமே மூவரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

C! ஆமாங்க, C! ஆரம்ப நிலை, ஆபரேஷன், மருந்து. முடி கொட்டியது, முளைத்தது. திரும்பி வந்த முதல் நாளே ஷேடு சரியில்லை என்று அவரோடுதான் சண்டை போட்டேன். அவர் திட்டு வாங்கிக்கொண்டே சிரித்த சிரிப்பை எப்படிச் சொல்வேன்!

செய்தி வந்த அன்று மண்ணரையிலிருக்கும் அவர் வீட்டுக்குப் போய், சவப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். “எத்தனை தைரியமான மனுசனுங்க அண்ணி. எம்பட உசுரையே புடிச்சு இழுத்துட்டு வந்தாருங்க.”

ஸ்டெல்லா அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அவியளா தைரியம்? நல்லாச் சொன்ன போ. மழை பெஞ்சா செவுரு விழுந்துரும்பாவ. ஒனக்கு ரிசல்ட் வார வரைக்கும் ஒழுங்காச் சோறு திங்கல. ‘நான்தான கூட்டிட்டுப் போனேன், அவளுக்கு ஒன்னுன்னா அவ மவ மொகத்துல எப்படி முழிப்பேன்’னு கெடந்து அழுதாவ.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கும் A தான் முதலில் தோன்றியிருக்கிறது! என்னைப் போலவே, ஒவ்வொரு தடவையும்! அந்த C வரியை எழுதும்போது அவரும் அதை நம்பியிருக்கவில்லை. நம்பாமலேதான் எழுதினார், நம்பாமலேதான் என்னைக் கிளப்பிக்கொண்டு போனார். பயப்படாத மனிதர் என்று இத்தனை காலம் பொறாமைப்பட்டேனே, எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்!

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான். பயம் போகட்டும் என்று இனி காத்திருக்க மாட்டேன். அடுத்த வாரம் எனக்கு மறுபடி ஸ்கேன், அண்ணா. பயமாகத்தான் இருக்கிறது. போய்விட்டு வருகிறேன்.