ஜிபார் வாய் திறந்தாள்

கொச்கோர் சாலையோரத்தில் குமிஸ் விற்கும் ஜிபாருக்கு வாய் நீளம் என்று பெயர். குதிரைப் பால் சரியாகப் புளிக்கவில்லை என்று குறை சொல்லும் லாரிக்காரர்களை, "உங்க மூஞ்சி அளவுக்குப் புளிக்கலதான்" என்று விரட்டுவாள். அப்படிப்பட்டவள், புருஷன் பனிச்சரிவில் போன பிறகு வீட்டுக்குள் மட்டும் ஊமையாகிவிட்டாள்.

மாமியார் பூபுசாரா கெட்டவள் இல்லை. மகனைப் பறிகொடுத்தவளுக்குப் பேரப்பிள்ளைகளும் கையை விட்டுப் போய்விடுவார்களோ என்று பயம். இளைய மகன் மெலிஸுக்கே ஜிபாரைக் கட்டிவைத்துவிட்டால் கவலை தீர்ந்தது. பழைய வழக்கமும் அதுதான். ஒருநாள் காலை, ஜிபாரின் இரண்டு கைகளும் ரொட்டி மாவில் இருந்தபோது, பின்னால் வந்து வெள்ளிக் கம்மலை அவள் காதில் மாட்டிவிட்டாள். காதில் கம்மல் ஏறினால் நிச்சயம் முடிந்தது என்று அர்த்தம்.

"என்ன அத்தை இது?"

"பேசாம இருடி. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

ஜிபார் பேசவில்லை. மெலிஸுக்கு மூக்குத் துடைத்து வளர்த்தவள் அவள். அவனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? மாட்டேன் என்றால் பிள்ளைகளோடு எங்கே போவது?

நிக்காஹ் அன்று ஆடு வெந்துகொண்டிருந்தது, சொந்தபந்தம் கூடிவிட்டது. ஊருக்குப் புதிதாக வந்த இளம் இமாம் கேட்டார்: "பொண்ணு சம்மதம் சொல்லிட்டாங்களா?"

"கம்மல் போட்டப்ப மறுத்து ஒரு வார்த்தை பேசலையே! அப்ப சம்மதம்தானே?" என்றாள் பூபுசாரா.

"அது கன்னிப் பொண்ணுக்கும்மா. வெக்கத்துல பேச மாட்டா. இவங்க ஏற்கெனவே வாழ்ந்தவங்க. ஷரீஅத்படி வாய்விட்டுச் சொல்லணும். சொல்லாம நான் ஓத மாட்டேன்."

எல்லாக் கண்களும் ஜிபார் மேல் திரும்பின. அவள் எழுந்து நின்றாள்.

"எனக்குச் சம்மதமில்ல. மெலிஸ் எனக்குத் தம்பி. அத்தை, நானும் பிள்ளைங்களும் உங்கள விட்டு எங்கயும் போகல. உங்க கூட இருக்குறதுக்கு இன்னொரு புருஷன் எதுக்கு எனக்கு?"

கம்மலைக் கழற்றி மாமியார் மடியில் வைத்தாள்.

"அப்பாடா!" என்றான் மூலையிலிருந்த மெலிஸ், எல்லாருக்கும் கேட்கும்படி. கூடம் சிரித்தது. பூபுசாரா முறைத்தாள், அழுதாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கறி ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள்.

மறுவருடம் மெலிஸுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"அவளுக்குச் சம்மதம்தான், கம்மலப் போடுங்க" என்று அவசரப்படுத்தினார்கள் பெண் வீட்டார்.

பூபுசாரா அசையவில்லை. "நீங்க சும்மா இருங்க. கண்ணு, எங்க மெலிஸ உனக்குப் புடிச்சிருக்கா? உன் வாயால சொல்லு. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கேன்."